குளத்தில் பாய் விரிக்கலாமா?

நீர் நிறைந்த குளத்தைக் கண்டு மனம் குளிராதவர் யார்? அதிலும் பொருநை பாயும் நெல்லைச் சீமையிலே பிறந்த நமக்குக் குளம் என்பது வீட்டின் இன்னோர் அறை போன்றது. பொதிகையிலே தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி, வழியில் எட்டு அணைக்கட்டுகளிலே தேங்கி, கால்வாய்களாய்ப் பிரிந்து, எத்தனையோ குளங்களை நிரப்புகிறது. அக்குளங்கள் நெல்லுக்கும் வாழைக்கும் நீர் தருகின்றன, ஆடு மாடுகளின் தாகம் தீர்க்கின்றன, பறவைகளுக்குப் புகலிடமாகின்றன. அவை பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும் ஆகுமா? இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் ஐவர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அலைந்து திரிந்தோம். கண்டதையும் கற்றதையும் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது, 2023 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிச் செய்திகள் நாள்தோறும் நாளிதழில் வந்தன. பாய்ப்படகுப் போட்டியில் மத்தியப் பிரதேசத்து விவசாயி ஒருவரின் மகளான நேஹா தாக்கூர் வெள்ளிப் பதக்கம் வென்றார். விண்ட்சர்ஃபிங் போட்டியில் ஈபாத் அலி வெண்கலம் வென்றார். நம் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் அதற்கு முன்பே ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற புகழை அடைந்திருந்தார். எங்களைப் பெரிதும் வியக்க வைத்தது நேஹாவின் ஊர்தான். அவர் கடற்கரையில் பிறந்தவர் அல்லர். போபால் நகரத்துத் தேசியப் பாய்ப்படகுப் பள்ளியிலே, பெரிய ஏரியிலே பயின்றவர். அந்த ஏரியோ 11ஆம் நூற்றாண்டில் போஜராஜன் மண்கரை எழுப்பி உண்டாக்கியதாகச் சொல்லப்படுவது. அப்படியானால் அதுவும் நம் ஊர்க் குளத்துக்கு அக்காள் முறைதானே! போபாலில் முடிவது பொருநைக் கரையில் முடியாதா?

விண்ட்சர்ஃபிங் என்பதை அறியாத தங்கையருக்காகச் சில வரிகள். நீளமான மிதவைப் பலகை ஒன்று. அதன் நடுவிலே எப்பக்கமும் சாயும்படி ஒரு மூட்டு. மூட்டின்மேல் ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பாய். பலகைமேல் நின்றபடி, பாயைக் கையால் சாய்த்தும் திருப்பியும் காற்றைப் பிடித்து ஓட வேண்டும். சுக்கான் கிடையாது, நம் உடம்பே சுக்கான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நியூமன் டார்பி என்பவர் தம் மனைவி நவோமியுடன் 1964இல் இத்தகைய பலகை ஒன்றை உருவாக்கினார். சில ஆண்டுகளில் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஷ்வைட்சர் ஆகிய இருவர் அதற்கு இன்றைய வடிவைத் தந்தனர். ஒலிம்பிக்கில் ஆடவருக்கு 1984இலும் மகளிருக்கு 1992இலும் இடம் கிடைத்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இன்னும் ஒரு படி உயர்ந்தது. உண்மையாகவே உயர்ந்தது! பலகையின் அடியில் ஒரு மீட்டர் அளவுக்குத் தண்டு ஒன்றை இறக்கி, அதன் நுனியில் சிறு இறக்கைகளைப் பொருத்திவிடுகிறார்கள். இதற்கு ஃபாயில் என்று பெயர். வேகம் கூடியதும், விமானத்தின் இறக்கை காற்றில் தூக்குவதுபோல், இந்த இறக்கை நீருக்குள்ளிருந்து பலகையைத் தூக்கிவிடுகிறது. பலகை நீரைத் தொடாமல் பறக்கும். நீரின் உராய்வு குறைவதால் மெல்லிய காற்றே போதும்.

இதையெல்லாம் எங்களுள் ஒருத்தியின் ஆச்சியிடம் விளக்கிச் சொன்னோம். ஆச்சி வெற்றிலையை மடித்தபடியே, "ஏட்டி, குளத்துல பாய விரிச்சு உறங்கவா போறிய?" என்றார்கள். அன்று முதல் எங்கள் ஆராய்ச்சிக்குப் 'பாய் விரிப்பு' என்றே பெயராகிவிட்டது.

பலகை எங்களிடம் இல்லை. அதை வாங்கும் வசதியும் இல்லை. ஆனால் இடம் தேடப் பணம் வேண்டாமே! ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு திசைகாட்டி, கம்பில் கட்டிய ரிப்பன், அடி அடியாய்க் கோடு போட்ட மூங்கில் கழி ஆகியவையே எங்கள் கருவிகள். காற்றின் வேகத்தை அளக்க, புவியியல் ஆசிரியை சொல்லித் தந்த பியூஃபோர்ட் அளவையைப் பயன்படுத்தினோம். இலைகளும் சிறு சுள்ளிகளும் ஓயாமல் அசைந்தால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ.; புழுதியும் காகிதமும் பறந்து சிறு கிளைகள் ஆடினால் 20 முதல் 28 கி.மீ. முதலாவது ஃபாயில் பலகைக்குப் போதும். இரண்டாவது சாதாரணப் பலகைக்கு ஏற்றது. காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் அப்போதுதான் கற்றோம்.

ஒவ்வொரு குளத்திலும் நாங்கள் கேட்ட கேள்விகள் ஐந்து. காற்று எத்திசையிலிருந்து, தடையின்றி வருகிறதா? நீரின் ஆழம் எவ்வளவு, அடியில் என்ன கிடக்கிறது? கரையிலிருந்து எளிதாக இறங்க முடியுமா? காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போனால் எங்கே கரை சேர்வோம்? இந்த நீர் யாருக்கு உரியது? கடைசிக் கேள்வியே கடினமானது என்பது போகப் போகத் தெரிந்தது.

முதலில் நயினார்குளம். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயில் நீர் பெறுவது. திருநெல்வேலி டவுனை ஒட்டியே இருப்பது. பேருந்தில் போய் இறங்கலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் சுற்றிலும் வீடுகள், கடைகள், காய்கறிச் சந்தை. மரமோ கட்டடமோ காற்றை மறித்தால், அதன் உயரத்தைப் போல் பத்து மடங்குத் தொலைவுக்காவது காற்று குலைந்து சுழலும் என்பது பாய் ஓட்டுவோர் கணக்கு. எங்கள் ரிப்பன் ஒரு கணம் கிழக்கே பறந்தது, மறுகணம் துவண்டது, அடுத்த கணம் எங்கள் முகத்திலேயே அடித்தது. நகரத்துக் கழிவும் ஆகாயத்தாமரையும் வேறு. நீருக்குள் நீளும் ஃபாயில் தண்டு நீர்ச்செடியைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். மேலே நிற்பவர் குப்புற விழுவார். பறவை பார்க்க நல்ல இடம் என்று எழுதிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்துக் கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. மணிமுத்தாற்று நீர் பெற்று நிறைவது. 1994 முதல் பறவைகள் சரணாலயம். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டியிருந்தன. பறவைகள் அஞ்சுமே என்று அவ்வூர்ப் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வெடியையே விட்டுக்கொடுத்த பிள்ளைகளின் ஊரில் நாம் போய்ப் பாயை விரிப்பதா? நோட்டுப் புத்தகத்தை நாங்கள் திறக்கவே இல்லை. நீர் அகலமாய் இருந்தது; காற்றும் இருந்தது. இருந்தும் அந்த நீர் யாருக்கு உரியது என்பது எங்கள் தலைக்கு மேலேயே சிறகடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக விஜயநாராயணம் பெரியகுளம். கடற்படையின் கட்டபொம்மன் தளம் அமைந்த ஊர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஜூலை மாதத்தில் ஒருத்தியின் தந்தையாருடன் சென்றோம். அப்பப்பா, அந்தக் காற்று! மரமில்லா வெளி, தொலைவிலே வரிசையாய்ச் சுழலும் காற்றாலைகள், எங்கள் நோட்டின் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. புழுதி பறந்தது. பியூஃபோர்ட் அளவையில் நான்கு, சில வேளை ஐந்து. பாய் விரிப்பதற்கு இதைவிட நல்ல காற்று வேண்டுமா? ஆனால் குளத்தில் நீர் இல்லை! வெடித்த வண்டலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இங்கேதான் நம் மாவட்டத்தின் பெரும்புதிர் எங்களுக்கு விளங்கியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே நெருக்கிக்கொண்டு நம் சமவெளியில் பாய்கிறது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டதும், பின்னர் கயத்தாறும் முப்பந்தலும் காற்றாலைக் காடுகளானதும் இக்காற்றினால்தான். ஆனால் அக்காற்று மழையை மலைக்கு மேற்கேயே கொட்டிவிட்டு, நமக்குச் சாரலை மட்டும் தெளித்துவிட்டுப் போகிறது. நம் மானாவாரிக் குளங்கள் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில். அப்போதோ மேல்காற்று ஓய்ந்துவிடும். வாடைக்கு அந்த வேகம் இல்லை. காற்று இருக்கையில் நீர் இல்லை; நீர் இருக்கையில் காற்று இல்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நெல்லுக்குச் சரி. பாய்க்கு நீரும் வேண்டுமே!

நான்காவதாக மணிமுத்தாறு அணை. 118 அடி கொள்ளளவு உயரம், கடல்போல் விரிந்த நீர், பின்னே நீலமலை. பார்த்தவுடன் 'இதுதான்' என்று ஒருத்தி துள்ளினாள். ஆனால் மலையடிவாரத்துக் காற்று சீராக வருவதில்லை. மலை மடிப்புகளில் உருண்டு, திடீரென்று மேலிருந்து இறங்குகிறது. இந்த அணையும் பெரிதும் வடகிழக்கு மழையையே நம்பியது. மேலே 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதியின்றி நீரில் இறங்க இயலாது, இறங்கவும் கூடாது.

அப்படியானால் நம் நாட்டில் இடமே இல்லையா? இருக்கிறது. பொருநை இரண்டு மழைக்கும் பிள்ளை. பாபநாசம் அணையில் தென்மேற்குப் பருவத்திலும் நீர் சேர்கிறது. இருப்பு போதுமானால் ஜூன் மாதத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிறார்கள். ஐப்பசி வாக்கில் பிசானத்துக்கு மீண்டும் திறக்கிறார்கள். ஆகவே ஆற்றுக் கால்வாயில் நீர் பெறும் குளங்களில், கார் பருவம் நடக்கும் ஆண்டுகளில், மேல்காற்றும் நீரும் ஒருசேர இருக்கும். கோடகன் கால்வாயில் நீர் பெறும் ஒரு சிற்றூர்க் குளம் எங்கள் ஐந்தாவது இடமாயிற்று. எங்கள் தோழி ஒருத்தியின் சொந்த ஊர் அது.

அங்கே மடை திறக்கும் பொறுப்பில் உள்ள தாத்தாதான் எங்களுக்கு ஆசான். அவர் கரையில் நடந்துகொண்டே பாடம் நடத்தினார். "பிள்ளையளா, நம்ம தேசம் மேற்க மேடு, கெழக்க பள்ளம். அதனால பெரும்பாலும் கர கெழக்கதான் இருக்கும். ஆழமும் கரையோரந்தான். மேக்காத்து அடிச்சா அலை அம்புட்டும் கரையில வந்து முட்டும். அதுக்குத்தான் கல்லு பதிச்சிருக்கு" என்றார். கரையின் உட்புறத்தில் பதித்த அலைகற்களின் பொருள் அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. நம் முன்னோர் காற்றையும் அலையையும் கணக்கிட்டே கரை கட்டியிருக்கிறார்கள்!

அவர் சொல்லிலிருந்தே விடையும் கிடைத்தது. கரையின் நடுவில் இறங்கினால் காற்று நம்மைக் கல்லின்மேல் திருப்பி அடிக்கும். எதிர்ப்புறம் மேற்கே இறங்கினால் முழங்கால் சேறும் கருவேல முட்டும். மேலும் அங்கிருந்து காற்று நம்மை நடுநீருக்குத் தள்ளிவிடும், திரும்ப வருவது கடினம். கரை வளைந்து முடியும் தெற்கு வால்பகுதியே நல்ல இடம். அங்கே காற்று கரைக்குப் பக்கவாட்டில் வீசும், போகவும் வரவும் ஒரே காற்று உதவும், கற்கள் இல்லை, சரளை மண் மெல்ல இறங்குகிறது. மூங்கில் கழியை மீனவர் ஒருவர் ஊன்றிப் பார்த்தார். முப்பதடி தள்ளி ஐந்தடி ஆழம். ஃபாயில் தண்டுக்கு அது போதும். கரையிலுள்ள பனைமரங்களோ காற்றுக்குப் பின்னே நிற்பதால் மேல்காற்றை மறிப்பதில்லை.

மகிழ்ச்சியோடு வரைபடத்தில் குறி வைக்கப் போனோம். அப்போது தாத்தா கழியை வாங்கிக் கரையின் நடுப்பகுதியைச் சுட்டினார். "அங்கிட்டு மட்டும் போயிராதிய. மடை தெறந்திருந்தா மேல ஒண்ணுந் தெரியாது. மேல சிரிக்கும், கீழ இழுக்கும்" என்றார்.

எங்கள் தோழி தலை குனிந்து நின்றாள். எட்டு ஆண்டுகளுக்கு முன், அவளுடைய பெரியப்பா மகள் ஒன்பது வயதில் மறைந்தது அந்த மடையருகேதான். கால் கழுவ இறங்கிய பிள்ளை. கரையில் நின்ற ஒருவருக்கும் நீருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அதன்பின் அவர்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் குளத்தில் இறங்கியதில்லை. ஆண்பிள்ளைகளை மட்டும் அந்தக் கோடையிலேயே நீச்சல் பழக்கினார்கள். பெண்ணுக்கு நேர்ந்த துயரத்திலிருந்து பையன்களுக்கு நீச்சலும் பெண்களுக்குத் தடையும் பிறந்தன. அவள் இதைச் சொன்னபோது எங்களில் யாராலும் மறுமொழி கூற முடியவில்லை. ஏனெனில் எங்கள் ஐவரில் நீந்தத் தெரிந்தவள் அன்று ஒருத்திதான்.

அன்று முதல் எங்கள் வரைபடத்தின் நோக்கமே மாறியது. இறங்கும் இடத்தைப் பச்சையில் குறித்தோம். மடை, மறுகால், வலை கட்டும் இடம், கருவேலக் கட்டை, திடீர்ப் பள்ளம் ஆகியவற்றைச் சிவப்பில் வட்டமிட்டோம். பச்சைப் புள்ளி ஒன்று. சிவப்பு வட்டங்கள் ஏழு.

அவ்வரைபடம் தோழியின் வீட்டு மேசையில் சில நாள் கிடந்தது. அவள் அம்மாவை நாங்கள் அத்தை என்றே அழைப்போம். ஒரு நாள் அத்தை, "இந்தச் செவப்பு வட்டம் என்னட்டி?" என்று கேட்டார்களாம். அவள் ஒவ்வொன்றாய் விளக்கினாள். மடை திறந்திருக்கையில் நீர் எப்படி இழுக்கும், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், ஒருவர் விழுந்தால் குதிக்காமல் கழியோ சேலையோ நீட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத அன்னைக்கே யாராவது சொல்லிருந்தா..." என்றார்களாம். அந்த வாக்கியத்தை அவர்கள் முடிக்கவில்லை.

கோடை விடுமுறையில் பாளையங்கோட்டை நீச்சல்குளத்துக்கு எங்களை அழைத்துச் சென்றது அந்த அத்தைதான். முதல் நாள் மகள் நீரில் இறங்கியபோது அவர்கள் படிக்கட்டில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். பத்தாம் நாள் கண்ணைத் திறந்து, "கால நல்லா அடி!" என்று சத்தம் போட்டார்கள். இன்று எங்கள் ஐவருள் நால்வருக்கு நீந்தத் தெரியும். ஐந்தாமவள் இந்தக் கோடையில் கற்றுக்கொள்வாள்.

இடையிலே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை நம்மால் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. பொருநை பெருகிற்று, குளங்கள் பல உடைந்தன. குளத்தின் கரை என்பது நடைபாதை அன்று, ஊரின் உயிர் என்பதை அந்நாட்கள் காட்டின. ஆகவே எங்கள் விதிகளில் ஒன்றையும் சேர்த்தோம். பலகையை இழுப்பதற்காகக் கரையை ஒரு பிடி மண்கூட வெட்டலாகாது. பாசனத்துக்கு மடை திறந்திருக்கும் நாளில் யாரும் நீரில் இறங்கலாகாது. மீன் குத்தகைக்காரரிடமும் ஊராரிடமும் கேட்காமல் எதுவும் கூடாது. பறவைகள் குஞ்சு பொரிக்கும் குளம் நமக்கு வேண்டாம். மிதவை உடுப்பின்றி, நீச்சலின்றி, கரையில் துணையின்றி இறங்குவதே இல்லை. இவ்வளவும் பொருந்தும் நாட்கள் ஓராண்டில் ஜூலை, ஆகஸ்டில் சில வாரங்களே. ஆயினும் அவை இருக்கின்றன!

எங்கள் வரைபடத்தின் ஒரு படியை அவ்வூர்ப் பெரியவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் பாய்ப்பலகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குள் மடையின் இருபுறமும் சிவப்பு வண்ணம் பூசிய கற்களை நட்டுவிட்டார்கள். மடைத் தாத்தா சிறுபிள்ளைகளை அழைத்து, அக்கல்லைத் தாண்டக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மற்றொரு படி நம் பள்ளி நூலகத்தின் புவியியல் அலமாரியில் இருக்கிறது.

அன்புத் தோழியரே, பாய்ப்பலகை நம் குளத்துக்கு வரும் நாள் வரட்டும். நாம் படித்து முடித்த பின்னும் வரலாம். நம் தங்கையர் காலத்திலும் வரலாம். அதற்கு முன் நாம் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. உங்கள் ஊர்க் குளத்தின் கரையில் ஒருமுறை நடந்து, எங்கே ஆழம், எங்கே மடை, காற்று எப்பக்கம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த கோடைக்குள் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் மறுத்தால், அஞ்சித்தான் மறுக்கிறார்கள் என்பதை உணர்ந்து, பொறுமையாக வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். நீரை அறிந்த பெண்ணை நீர் எளிதில் வெல்லாது.